தோள் அறுவைசிகிச்சைக்கு நரம்பு மரப்பு ஊசி: மருத்துவருக்கு முழு மதிப்பெண், வார்டுக்கு இல்லை

அம்மாவுக்கு வலது தோளில் தசைநார் கிழிந்து, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் துளைவழி அறுவைசிகிச்சை நடந்தது. தைத்த மருத்துவரும் கெட்டிக்காரர்தான். ஆனால் நான் எழுத வந்தது மயக்க மருந்து கொடுத்த மருத்துவரைப் பற்றி.

முதல் நாள் மாலையே அறைக்கு வந்தார். மேசைமேல் இன்ஹேலரைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். படி ஏறினால் இளைக்கிறதா, மல்லாந்து படுக்க முடிகிறதா என்று விசாரித்தார். தோளுக்கு வழக்கமாகக் கழுத்தின் பக்கவாட்டில், இரண்டு தசைகளுக்கு நடுவே ஊசி போடுவார்களாம்; கைக்குப் போகும் நரம்புகள் அந்த வழியாகத்தான் இறங்குகின்றன. மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் அங்கேயே ஒட்டி ஓடுகிறது. மருந்து அதிலும் பரவினால், அந்தப் பக்கத்து உதரவிதானம் பல மணி நேரம் சோர்ந்துவிடும். "நல்ல நுரையீரல் இருந்தால் தாங்கும். உங்களுக்கு அந்த வம்பு வேண்டாம்மா" என்றார்.

தோள்மூட்டின் உணர்வில் பெரும்பங்கு, தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் போகும் ஒரு நரம்பினுடையது. அதையும் அக்குள் நரம்பையும் மட்டும் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே மரக்கவைத்து, கூடவே முழு மயக்கமும் கொடுத்தார்.

அம்மா கண் விழித்தபோது துளி இளைப்பு இல்லை. மேல்கையின் வெளிப்புறத்தைத் தொட்டால் தெரியவில்லை; விரல்களோ என் கையை இறுக்கிப் பிடித்தன. தோளின் உச்சித் தோலுக்குக் கழுத்திலிருந்து வேறு நரம்புகள் வருவதால், அங்கே தையல் போட்ட இடம் மட்டும் லேசாக எரிந்தது.

குறை இரவில் வந்தது. மரப்பு விலகும் முன்பே வலி மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தார். வார்டிலோ, "வலி வந்தால் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். நள்ளிரவுக்குமேல் வலி ஒரேயடியாகத் தாக்கியது. எதற்கும் முனகாத அம்மா அழுதார். எழுதிவைத்ததைப் படித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை அது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த அறுவைசிகிச்சைக்குப் போகிறவர்கள், முதல் மாத்திரை எத்தனை மணிக்கு என்று மயக்க மருந்து மருத்துவரிடமே கேட்டு, இரவுப் பணிக்கு வரும் செவிலியரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் கழுத்து ஊசிக்கு மாற்று உண்டா என்றும் கேளுங்கள். அம்மாவின் இடது தோளுக்குத் தேவைப்பட்டாலும் இதே மருத்துவரிடம்தான் அழைத்துப்போவேன். அன்றிரவு மாத்திரை நேரத்தை மட்டும் நானே பார்த்துக்கொள்வேன்.