உள்ளங்கை நானோவிஎன்ஏ: ஒன்றரை வருட அனுபவம்

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) தேர்வுக்குப் படித்தபோது எஸ்டபிள்யூஆர், இம்பிடன்ஸ், ரெசனன்ஸ், ரிட்டர்ன் லாஸ் எல்லாம் எனக்கு மனப்பாடம். கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பேன். வியு3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (காற்றில் என் அடையாளப் பெயர்) கிடைத்து, நாகர்கோவில் வீட்டு மொட்டை மாடியில் முதல் ஆண்டெனாவைக் கட்டியபோதுதான் அந்தச் சொற்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தன என்று தெரிந்தது. அவற்றைக் கிட்டே கொண்டுவந்தது, ஆண்டெனாவையும் கேபிளையும் அளந்து திரையில் காட்டும் நானோவிஎன்ஏ என்ற இந்தச் சின்னக் கருவி.

நானோவிஎன்ஏவின் மூல வடிவமைப்பு ஈடிஒய்555 என்ற பெயரில் இயங்கும் ஒரு ஜப்பானியர் செய்தது. அதை எல்லோருக்கும் திறந்து விட்டதால் இன்று பல பேர் தயாரிக்கிறார்கள். என்னுடையது 2.8 அங்குலத் திரை உள்ள சிறிய மாடல். 50 கிலோஹெர்ட்ஸ் முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும். ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்து வாங்கினேன்.

முதல் வேலை 40 மீட்டர் பேண்டுக்கான (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு சம நீளக் கம்பிகள். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் வரும். 7.1-க்கு 20.14 மீட்டர், ஒரு பக்கம் 10.07. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை அளந்து வெட்டி, நடுவில் குழாயில் உயர்த்தி, இரண்டு முனைகளையும் தென்னை மரங்களில் கட்டினேன். பழைய ஊசி மீட்டர் எஸ்டபிள்யூஆர் 3 என்றது (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு அது; 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை). அதாவது அனுப்பும் சக்தியில் கால் பங்கு திரும்பி வருகிறது. சரி, கம்பி நீளமா, குட்டையா? ஊசி அதைச் சொல்லாது. ஒவ்வொரு அலைவரிசையாக மாற்றி, பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டும். காற்றில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் அது இடைஞ்சல்.

நானோவிஎன்ஏவை மாட்டி 6.5 முதல் 7.5 வரை ஓடவிட்டேன். திரையில் ஒரு கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கி, 6.9-ல் பள்ளமாகி, மறுபடி ஏறியது. அந்தப் பள்ளம்தான் ரெசனன்ஸ், புத்தகத்தில் ஒத்ததிர்வு என்று படித்தது. 7.1-க்குக் கீழே விழுந்திருந்தால் கம்பி நீளம் என்று அர்த்தம். பிளாஸ்டிக் உறை அலையின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, ஆண்டெனாவும் தரைக்குப் பக்கத்தில் இருந்தது. சூத்திரத்தில் இரண்டுக்கும் இடமில்லை. சீனியர் ஓஎம் (ஹாம் நண்பர்களை அப்படித்தான் அழைப்போம்) ஒருவரிடம் சொன்னேன். “வெட்டாதீங்க, மடிச்சு முறுக்கிக் கட்டுங்க. அப்புறம் வெட்டிக்கலாம்” என்றார். ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தேன். மகள் மாடிப்படியில் உட்கார்ந்து எண்களை நோட்டில் எழுதினாள். பக்கத்துக்கு 28 சென்டிமீட்டர் குறைந்தபோது பள்ளம் 7.1-ல் வந்து உட்கார்ந்தது, எஸ்டபிள்யூஆர் 1.2.

ஆனால் இதற்குக் கொடுத்த காசு அத்தனைக்கும் ஈடான நாள் அது இல்லை.

2 மீட்டர் பேண்டு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஆண்டெனாவில் ஊசி மீட்டர் எப்போதும் 1.3 காட்டும். அதனால் அந்தப் பக்கம் நான் சந்தேகப்பட்டதே இல்லை. ஆனாலும் ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) அரைகுறையாகத்தான் திறக்கும்; என் குரல் இரைச்சலுக்குள் கரைகிறது என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு, கேபிளின் மறுமுனை திறந்து கிடக்க, 145 மெகாஹெர்ட்ஸில் அளந்தேன். எதுவுமே மாட்டாத முனையிலிருந்து போன சக்தி அப்படியே திரும்பியிருக்க வேண்டும். திரையில் ரிட்டர்ன் லாஸ் (போன சக்தி திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது) 14 டெசிபல், எஸ்டபிள்யூஆர் 1.5.

ஆண்டெனாவே இல்லாமல் 1.5! போக 7, வர 7 டெசிபல் என்று கேபிளே விழுங்குகிறது. 7 டெசிபல் போனால் மிஞ்சுவது ஐந்தில் ஒரு பங்கு. என் 5 வாட்டில் ஒரு வாட்தான் மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. கேட்கும்போதும் அதே இழப்பு. பதினைந்து மீட்டர் ஆர்ஜி-58 (என் கேபிளின் வகை) நல்ல நிலையில் இருந்தாலே இந்த அலைவரிசையில் ஏறக்குறைய 3 டெசிபல் போகும். இது அதற்கும் மேல். முனையில் ஒரு சாண் வெட்டி உறையை உரித்தேன். செம்பு வலை கறுத்துப்போய், விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. இந்த ஊரில் இரண்டு மழைக்காலமும் உண்டு. கனெக்டர் வாய்க்கு நான் டேப் சுற்றாமல் விட்டிருந்தேன். திரும்பி வரும் சக்தியைக் கேபிளே தின்றுவிடுவதால் மீட்டருக்கு எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நல்ல எஸ்டபிள்யூஆர் இருந்தால் நல்ல ஆண்டெனா என்று யாராவது சொன்னால் இப்போது அந்தக் கறுத்த வலையைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. உச்சி வெயிலில் திரையில் ஒன்றும் தெரியாது; அட்டைப்பெட்டியைக் குடைபோலப் பிடித்துத்தான் பார்க்கிறேன். கருவியில் உள்ள எஸ்எம்ஏ சாக்கெட்டுகள் மிகச் சிறியவை, கனமான கேபிளை நேராக மாட்டினால் ஒருநாள் பிய்ந்துவிடும். நடுவில் ஒரு குட்டிக் கேபிள் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ கேபிள்களில் இருக்கும் பெரிய பிஎல்-259 கனெக்டரை மாட்ட அடாப்டர் தனியாக வாங்க வேண்டும்.

அலைவரிசை எல்லையை மாற்றினால் காலிப்ரேஷனை (கருவியின் அளவைச் சரிப்படுத்துவதை) மறுபடி செய்துவிடுங்கள். ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு என்று மூன்று மூடிகளை மாற்றி மாட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை. இன்னொன்று, என் மாடல் ஒரு ஓட்டத்தில் 101 புள்ளிகளைத்தான் அளக்கிறது. முழு எல்லையையும் ஓடவிட்டால் புள்ளிக்குப் புள்ளி 9 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 40 மீட்டர் பள்ளம் நடுவில் ஒளிந்துகொள்ளும். எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

ரேடியோவின் அவுட்புட்டை மட்டும் மறந்தும் இதில் மாட்டாதீர்கள். ஒருமுறை பிடிடி அழுத்தினால் கருவி போச்சு.

27 மெகாஹெர்ட்ஸ் சிபி (சிட்டிசன் பேண்ட்) ரேடியோ வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். நம் நாட்டில் 26.957 முதல் 27.283 வரை 5 வாட்டுக்குள் தனி உரிமம் தேவையில்லை. வண்டியில் காந்த ஆண்டெனா வைத்திருந்தால் கூரையின் நடுவிலும் ஓரத்திலும் வைத்து அளந்து பாருங்கள், பள்ளம் நகர்வது கண்ணெதிரே தெரியும்.

கேபிளை இழப்பு குறைந்த ஆர்ஜி-213-க்கு மாற்றி, இந்த முறை கனெக்டருக்கு மூன்று சுற்று டேப் போட்டேன். அன்று மாலை அழைத்ததும் ரிப்பீட்டர் உடனே திறந்தது. குரல் தெளிவுக்கும் சிக்னலுக்கும் முழு மதிப்பெண். “ஃபைவ் நைன், என்ன ஓஎம், புது ரேடியோவா?” என்று கேட்டார்கள்.