எபோலா பிரச்சாரம்: மிரட்டுனதா, மதிச்சுப் பேசுனதா?

2014ல மேற்கு ஆப்பிரிக்காவுல கினி, சியரா லியோன், லைபீரியா மூணு நாட்டுலயும் எபோலான்ற வைரஸ் நோய் பரவுனப்ப கிராமத்துக்குப் போன மெசேஜ் ரெண்டு விதம். மொதல்ல வந்தது மிரட்டல் டைப், இதுக்கு மருந்தே இல்ல, செத்தவங்கள தொடாதீங்கன்னு. தப்பான தகவல் இல்ல, செத்த பிறகும் உடம்புல வைரஸ் ஏகப்பட்டது இருக்கும். ஆனா மருந்தே இல்லன்னா ஆஸ்பத்திரி எதுக்குன்னு பல பேரு நோயாளிய வீட்லயே மறைச்சு வச்சுட்டாங்க, பெத்த அம்மாவ குளிப்பாட்டாம எப்படி அனுப்புறதுன்ற தவிப்பு வேற.

ரெண்டாவது, அந்த வருஷம் நவம்பர்ல உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களையும் கலந்து பேசி கொண்டுவந்த அடக்க முறை. முஸ்லிம்னா குளிப்பாட்டுறதுக்குப் பதிலா தண்ணியில்லாம சுத்தமான மண்ணத் தொட்டு செய்யுற தயம்மும்ன்ற சடங்கு, அப்புறம் உடம்ப சுத்துற வெள்ளை கஃபன் துணி. குடும்பம் தள்ளி நின்னு பாக்கலாம், துஆ (பிரார்த்தனை) ஓதலாம், குழி வெட்டவும் கூட சேரலாம்.

வேகம்னா மொதல் டைப்தான், போஸ்டர் ஒட்டுனா முடிஞ்சது. ரெண்டாவதுக்கு ஊர் ஊரா பெரியவங்களோட உக்காந்து பேசணும், இருந்தாலும் என் ஓட்டு இதுக்குத்தான், என்ன, 11,000 பேருக்கு மேல பலி வாங்குன நோய்க்கு இத மொத மாசமே யோசிச்சிருக்கலாம்.