மடிக்கிற பறவைக்கூடும் 350 ரூபாய்க் கண்ணாடியும்: ஆறு மாதம் பாவித்த பிறகு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் உள்ள ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சாமான்களைப் பற்றியது இது. குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. எந்தக் கடையில் வாங்கினாலும் இதே கூடுதான் வருகிறது, வெள்ளைக் கம்பி, நீலப் பிளாஸ்டிக் தட்டு, மடித்துப் பெட்டிக்குள் வைக்கலாம். பெட்டியில் கம்பனிப் பெயர் எதுவும் இல்லை.

மகளின் பிறந்தநாளுக்கு என்று கூடும், அதற்குள் ஒரு சோடி லவ் பேர்ட்ஸும் வாங்கினேன். நாங்கள் லவ் பேர்ட்ஸ் என்கிற இந்தச் சின்னக் கிளிகள் உண்மையில் பட்ஜி, ஊர் அவுஸ்திரேலியா. நீலம் சேவல், மஞ்சள் பெட்டை. அலகுக்கு மேலே மூக்குப் பக்கம் நீலமாக இருந்தால் சேவல், மண்ணிறமாக இருந்தால் பெட்டை என்று கடைக்காரத் தம்பி காட்டித் தந்தார், அது சரியாகத்தான் இருந்தது.

கூட்டின் பிழை கதவில். பெரிய கதவுக்குக் கொழுக்கி இருக்கிறது, ஆனால் தினைக் கிண்ணம் வைக்கிற பக்கத்துச் சின்னக் கதவுகள் மேலே தூக்கித் திறப்பவை, அவற்றைப் பிடித்து வைக்க ஒன்றுமே இல்லை, தன் பாரத்தில் கீழே நிற்கும், அவ்வளவுதான். ஐந்தாவது கிழமை ஒரு மத்தியானம், நான் பாத்திரம் கழுவிக்கொண்டு பார்க்கிறேன், நீலன் அலகால் கதவை ஒரு விரலளவு தூக்குகிறான், விடுகிறான், திரும்பத் தூக்குகிறான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். நாலாந்தரம் தலையைக் கொடுத்து உடம்பை நெளித்து வெளியே வந்து, முருங்கையில் ஒரு நிமிடம், வேம்பில் ஒரு நிமிடம், அப்புறம் ஆளையே காணவில்லை.

மகள் அழவில்லை. “அது தனியப் போய் என்ன செய்யும் அம்மா?” என்று மட்டும் கேட்டாள். மன்னார் போனபோது வங்காலையில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்தவள் என்பதால் அவளுக்கு அந்த 492ஆம் இலக்கப் பூநாரையின் கதையைச் சொன்னேன். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து மிருகக்காட்சிச்சாலை ஒன்றில், இறகு வெட்ட முந்தி 2005இல் பறந்து தப்பிய பறவை அது, இங்கே வருகிற அதே இனம். கூடத் தப்பிய மற்றது வடக்கே போய்க் காணாமல் போய்விட, இது தெற்கே கடற்கரைக்கு வந்து, 2006இல் கரீபியப் பூநாரை ஒன்றோடு சேர்ந்து நின்றதை ஆட்கள் கண்டார்கள். 2022இலும் டெக்சாஸ் கரையில் நின்றது. எங்கள் நீலனுக்கு அந்த யோகம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை, எங்கள் பக்கத்துக் காகங்களை எனக்குத் தெரியும். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

எனக்குக் கவலை கூட்டுக்குள் இருந்ததைப் பற்றித்தான். மஞ்சள் கீழ்க்கம்பில், இறகை உப்பிக்கொண்டு, அந்தச் சின்னக் கதவைப் பார்த்தபடியே இருந்தது. தினை அப்படியே கிடந்தது. சத்தமே இல்லை. அம்மா ரேடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், பலனில்லை.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். “கண்ணாடி ஒண்டு வைச்சுப் பாருங்கோ அக்கா, சோடி எண்டு நினைக்கும்” என்று தம்பி தந்தது, மணி தொங்குகிற பிளாஸ்டிக் கண்ணாடி, 350 ரூபாய். முதல்நாள் அற்புதம். கதைத்தது, தலையாட்டியது. மூன்றாம் நாள் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை, விழுங்கின தினையைக் கக்கிக் கண்ணாடியில் பூசி ஊட்டப் பார்க்கிறது, அங்கே இருந்து வாய் திறப்பார் யாருமில்லை. பார்க்க முடியாமல் கழற்றிவிட்டேன். தனியே நிற்கிற பறவைக்கு இதை வாங்காதீர்கள்.

அன்று இரவு காவனின் கதையும் வந்தது. இலங்கையில் 1985இல் பிறந்து, குட்டியாகவே பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாகப் போன யானை. இஸ்லாமாபாத் மிருகக்காட்சிச்சாலையில் கூட இருந்த சஹேலி 2012இல் செத்த பிறகு தனியாக நின்றது, 2020 நவம்பரில்தான் விமானத்தில் கம்போடியாவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இன்னொரு யானையின் தும்பிக்கையைத் தொட்டது. மகள் விரலை மடக்கி எண்ணினாள். “எட்டு வருசமோ?” பட்ஜியின் முழு ஆயுளே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. காலையில் கடை திறக்க முந்தியே போய் நின்றேன்.

இந்த இடத்தில் கடைக்கு முழுப் புள்ளி. கூட்டின் கதவைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே கதைத்தேன், தம்பி தர்க்கம் பண்ணவில்லை. பெட்டையோடு இன்னொரு பெட்டையை விட்டால் கடிபடும் என்று பச்சைச் சேவல் ஒன்றைத் தந்தார். உடனே ஒன்றாய் விடவேண்டாம், வருத்தம் ஏதும் இருந்தால் தொற்றும், மூன்று கிழமை வேறு அறையில் வையுங்கோ, பிறகு பக்கத்துப் பக்கத்தில், கடைசியாகத்தான் ஒரு கூடு என்றார். அதற்கு ஒரு பழைய கூட்டை இரவலாகத் தந்தார், காசு கேட்கவில்லை. ஒத்துவராவிட்டால் மாற்றித் தருவேன் என்றும் சொன்னார்.

மூன்று கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் பச்சையன் கத்த, இந்தப் பக்கம் மஞ்சள் பதில் கொடுக்கத் தொடங்கிவிட்டது. கூடுகளைப் பக்கத்தில் வைத்த இரண்டாம் இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டும் அவரவர் கூட்டில், நடுவிலே இரண்டு கம்பி வரிசை, தோளோடு தோள் ஒட்டி நித்திரை. இப்போது ஒரே கூட்டில் இருக்கின்றன, பச்சையன் உண்மையான வாய்க்குள் ஊட்டுகிறான்.

மற்றவை சுருக்கமாக. தினைப் பை பரவாயில்லை, தூசி கொஞ்சம். பறவை கொறிக்கக் கூட்டில் கொழுவுகிற கணவாய் ஓடு பைக்கற் 250 ரூபாய், அந்தக் காசுக்கு முல்லைத்தீவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடுங்கள், கரையில் சும்மா கிடக்கும், ஊறவைத்துக் கழுவிக் காயவைத்தால் போதும். கூட்டின் தட்டு ஆறு மாதத்தில் வெடிக்கவில்லை.

கூடு வாங்கலாம், ஆனால் வாங்கிய அன்றே சின்னக் கதவு ஒவ்வொன்றுக்கும் உடுப்புக் கொழுவுகிற கிளிப் ஒன்று போடுங்கள். எங்கள் கூட்டில் நாலு நிற்கிறது. கொடியில் சேலை பறக்குது, கிளிப்பைக் காணேல்லை என்று அம்மா இன்னும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறார்.