விக்ராந்த் இரும்பு கலந்த பஜாஜ் வி15

இந்த பைக் இப்போது புதிதாக வருவதில்லை, அதனால் மும்பை மாட்டுங்காவில் பழைய வண்டி விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். 150 சிசி, 5 கியர். குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை, சயான் நெரிசலில் அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை.

சரி, நான் வாங்கியது பெட்ரோல் டேங்குக்காக. ஐஎன்எஸ் விக்ராந்தின் இரும்பை உருக்கி இதில் சேர்த்திருக்கிறார்கள். உலகப்போர் நடந்த 1943ல் பிரிட்டனில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்ட ஆரம்பித்து, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்திப்போட்டு, 1957ல் நாம் வாங்கி, 1961ல் நம் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல். 1971 பாகிஸ்தான் போரின்போது, ஒரு கொதிகலன் பழுதாகி முழு வேகம் எடுக்க முடியாத நிலையிலும் வங்கக் கடலில் நின்றது. அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள்தான் அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. 1997ல் ஓய்வு, அப்புறம் 2012 வரை மும்பையிலேயே அருங்காட்சியகம். அப்படிப்பட்ட கப்பலை 2014ல் சுமார் 60 கோடிக்கு உடைக்க விற்றதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் டேங்கின் ஓரத்தில் கட்டைவிரல் நக அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து சாம்பல் நிற இரும்பு தெரிகிறது. துரு ஏறாமல் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறேன், மேலே பெயிண்ட் அடிக்க மனசு வரவில்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் டேங்க் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள். மாற்றியிருந்தால் வேண்டாம், வேறு வண்டி பாருங்கள்.