'புது ஐ7' என்று சொல்லி என் தலையில் கட்டியது 2011 சிப்: பழைய டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் 19,500 ரூபாய்க்கு ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம், இந்த வித்தை ஒரு கடையோடு நிற்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

என்னிடம் இருந்தது 2015-ல் அசெம்பிள் பண்ணிய பெட்டி. இன்டெல் ஐ5-4460 ப்ராசஸர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்), எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். நாலைந்து கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலி மென்பொருளில் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன், அதற்கு அது போதும்தான், ஆனால் காலையில் ஆன் பண்ணிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் திரை முழுசாக வரும். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிற்கிறது, இந்த மெஷினில் 11 ஏறாது என்று அதுவே மிரட்டிக்கொண்டிருந்தது. ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டியும் கொஞ்சம் ரேமும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த தூசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "போர்டு போற கண்டிஷன் சார். இதுல காசு போடாதீங்க. புது ஐ7 செட்டு, 16 ஜிபி, 256 எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஏத்தித் தரேன். பழசுக்கு 2,000 கழிச்சுக்கலாம்."

ஐ5-ஐக் கொடுத்து ஐ7 வாங்குகிறோம், லாபம்தானே என்று என் மனக்கணக்கு. பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும் என்றார், அப்படியானால் வேண்டாம் என்று நானே சொன்னேன். கணக்கு எழுதிப் பிழைக்கிறவன்! கையில் வந்தது 'ஐ7 செட்டு' என்று கிறுக்கிய எஸ்டிமேட் சீட்டு.

அடுத்த வாரம் வந்த அக்கா பையன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டு, "மாமா, இது நான் எல்கேஜி படிச்சப்ப வந்த சிப்" என்றான். ஐ7-2600. இரண்டாம் தலைமுறை, 2011. நான் கொடுத்துவிட்டு வந்தது நான்காம் தலைமுறை, 2014. இன்டெலில் ஐ5, ஐ7 எல்லாம் அந்தந்தத் தலைமுறைக்குள் இருக்கும் தரவரிசை மட்டும்தான், வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்: 2600 என்றால் 2, 4460 என்றால் 4, 12400 என்றால் 12.

போர்டு புதுசாகத்தான் இருந்தது, பளபளவென்று. ஆனால் எச்61, அந்தச் சிப்போடு பிறந்த சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்). அதில் டிஸ்க் மாட்டும் சாட்டா இணைப்பின் வேகம் 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டி பாதி வேகத்தில் ஓடுகிறது. கேபினெட் முன்பக்கம் நீல நிறத்தில் யூஎஸ்பி 3 வாய் இருக்கிறது, உள்ளே வயர் போவது யூஎஸ்பி 2-க்கு. என் பழைய எச்81-ல் 6 ஜிகாபிட் சாட்டாவும் யூஎஸ்பி 3-யும் ஒழுங்காக இருந்தன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், அந்தச் சோதனையை ஏமாற்றி ஏற்றியிருக்கிறார்கள். ஆக்டிவேட் பண்ணச் சொல்லி மூலையில் எழுத்து வேறு. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் 'புது' எஸ்எஸ்டி ஏற்கனவே 11,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, ஒன்றேகால் வருஷம் இரவு பகலாக!

பழைய பெட்டியில் ஒரு எஸ்எஸ்டி மாட்டி, மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாகக் கூடுதல் அப்டேட் திட்டத்தில் (ஈஎஸ்யூ) பதிந்திருந்தால் விண்டோஸ் 10-க்கே 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கும். அதற்குள் காசு சேர்த்து நிஜமாகவே புதுசு வாங்கியிருக்கலாம்.

திரும்பப் போனேன். "ஐ7-னு சொன்னோம், ஐ7 குடுத்தோம். எந்த ஜெனரேஷன்னு நீங்க கேக்கலையே?" நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுப்பேன் என்றேன், "பில் இருக்கா சார்?" என்றார். சரி, என் பழைய பெட்டியையாவது கொடுங்கள் என்றேன்.

"அது அன்னிக்கே வித்துப் போச்சே சார்."

போற கண்டிஷன் போர்டு! ஹார்ட் டிஸ்க் மட்டும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் மற்ற டிஸ்க்குகளோடு கிடந்தது, நாலு கடைக் கணக்கும் அழியாமல் அதில் அப்படியே இருந்தது. சண்டை போட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.