விண்டோஸ் 98 ஏற்ற எது நல்லது: விர்ச்சுவல்பாக்ஸா, 86பாக்ஸா, கியூஎமுவா?

மூன்றுமே உங்கள் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்கள். பெரும்பாலானோர் விர்ச்சுவல்பாக்ஸில்தான் தொடங்குகிறார்கள். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புக்கு (1999) அது நல்ல தொடக்கம் இல்லை. உங்கள் சிபியுவையே அது நேரடியாக உள்ளே ஓடும் விண்டோஸிடம் கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் 98-இன் நினைவக நிர்வாகத்தில் டிஎல்பியை (நினைவக முகவரிகளைச் சிபியு குறித்து வைத்துக்கொள்ளும் சிறு பட்டியல்) சரியாகப் புதுப்பிக்காத பிழை ஒன்று உண்டு. பழைய சிபியுக்களில் அது வெளியே தெரியவில்லை. ரைசன் 3000 வரிசை முதல், இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் தெரிகிறது: நிறுவும்போதே பாதுகாப்புப் பிழை, அல்லது காரணமில்லாமல் மூடிக்கொள்ளும் நிரல்கள். கோப்புகளை நகலெடுத்து முதல் ரீஸ்டார்ட் ஆனதுமே, ஃபிளாப்பி இமேஜிலிருந்து பேட்சர்9எக்ஸ் என்ற திருத்தும் நிரலை ஓட்டினால் சரியாகிவிடும். விர்ச்சுவல்பாக்ஸின் டிரைவர் தொகுப்பான கெஸ்ட் அடிஷன்ஸ் விண்டோஸ் 98-க்கு இல்லை. அதனால் திரை 640×480, 16 வண்ணங்களில் நின்றுவிடும். அதைத் தாண்ட சாஃப்ட்ஜிபியு டிரைவர் போட வேண்டும். ரேம் 256 எம்பி போதும். 512-க்கு மேல் போனால் டிஸ்க் கேஷ் முகவரிகளை விழுங்கி, போதிய நினைவகம் இல்லை என்றே செய்தி வரும்.

86பாக்ஸ் மதர்போர்டு, சிப்செட், பயாஸ் எல்லாவற்றையும் மென்பொருளில் கட்டுகிறது. வூடூ என்ற 3டி கார்டுக்காக எழுதிய பழைய 3டி விளையாட்டுகளுக்கு இதுதான், வேறு யோசனையே வேண்டாம். பயாஸ் முதலியவை அடங்கிய ரோம் (ROM) கோப்புகளைத் தனியாக இறக்கி, 'roms' கோப்புறையில் வைக்காவிட்டால் திறக்கவே திறக்காது. பென்டியம் எம்எம்எக்ஸ் 200, 64 எம்பி ரேம், 4 ஜிபி டிஸ்க், எஸ்3 விர்ஜ் வீடியோ கார்டு, சவுண்ட் பிளாஸ்டர் 16 ஒலி கார்டு என்று தொடங்குங்கள். பல பழைய பயாஸ்கள் 8.4 ஜிபிக்கு மேல் பார்க்காது. சாளரத்தின் தலைப்பில் ஒரு சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். அது 100-க்குக் கீழே இறங்கியதும் ஒலி திக்கும். அப்போது சிபியுவை ஒரு படி குறைத்துவிடுங்கள். உங்கள் கணினியின் ஒற்றைக் கோர் வேகம்தான் இங்கே எல்லை.

நிறுவும் வழி மூன்றிலும் ஒன்றுதான். 86பாக்ஸில் மட்டும் முதலில் பயாஸுக்குள் போய் டிஸ்கை ஆட்டோ டிடெக்ட் செய்ய வேண்டும். பூட் ஃபிளாப்பியிலுள்ள, டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் நிரலில் பெரிய டிஸ்க் ஆதரவுக்கு 'ஒய்' சொல்லி பார்ட்டிஷன் போட்டதும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். செய்யாமல் ஃபார்மட் கொடுத்தால் டிரைவே இல்லை என்று சொல்லும். பூட் ஃபிளாப்பி ஒரு ரேம் டிரைவையும் உருவாக்குவதால், ஃபார்மட்டுக்குப் பின் சிடி 'டி'யில் இருக்காது, 'ஈ'யில் இருக்கும். சிடியிலுள்ள வின்98 கோப்புறையை 'சி'க்கு நகலெடுத்து, அங்கிருந்தே செட்டப் ஓட்டுங்கள். டிரைவர் போடும்போதெல்லாம் அது சிடியைக் கேட்கும். சிடி டிரைவ் இன்னும் கண்ணில் படாத கட்டத்திலும் கேட்கும்.

கியூஎமு கட்டளை வரியில் ஓடுவது, அழகான அமைப்புச் சாளரம் கிடையாது. ஆனால் சிபியுவை நேரடியாகக் கொடுக்கும் கேவிஎம் வசதி இல்லாமல் ஓட்டினால் சிபியு முழுக்க மென்பொருளில் மொழிபெயர்க்கப்படுவதால் அந்த டிஎல்பி பிழை தலைகாட்டாது. சிரஸ் வீடியோ கார்டும் பிசிநெட் நெட்வொர்க் கார்டும் கொடுங்கள். இரண்டுக்கும் டிரைவர் விண்டோஸ் 98 சிடியிலேயே இருக்கிறது. 3டி எதிர்பார்க்க வேண்டாம். யுனிகோடுக்கு முந்தைய 8-பிட் தமிழ் எழுத்துருக்களில் அடித்த பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து அச்செடுப்பதுதான் வேலை என்றால் நான் சொல்வது கியூஎமுதான். கோப்புகளையும் எழுத்துருக்களையும் ஒரு ஐஎஸ்ஓ இமேஜாக்கி சிடியாக மாட்டுங்கள். நெட்வொர்க்கோடு மல்லாட வேண்டியதில்லை.