டெல்ஃப்ட் பீங்கான் பெட்டி வாங்குகிறவர்கள் கவனத்திற்கு: படத்தில் இருந்த முத்திரை வேறு, வந்த பெட்டி வேறு

நெதர்லாந்திலோ பெல்ஜியத்திலோ இருந்துகொண்டு இணையத்தில் பழைய டெல்ஃப்ட் பொருள்களை, அதாவது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து நீல வெள்ளைப் பீங்கான்களை, தேடுகிறவர்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள். "முழுக்கக் கையால் தீட்டியது, 1920களைச் சேர்ந்தது, எந்தச் சேதமும் இல்லை" என்று எழுத்து மூலம் உறுதி சொல்லி, மூடியுள்ள ஒரு சிறு பெட்டியை 240 யூரோவுக்கு என்னிடம் விற்றார்கள். அந்த மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. அதே ஆள் இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்பதால்தான் எழுதுகிறேன்.

அம்மா விட்டுச்சென்ற தோட்டையும் மூக்குத்தியையும் வைக்க நல்லதாக ஒரு பெட்டி வேண்டும் என்று வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். டெல்ஃப்டிலேயே 1653இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் ஒரே பழைய பட்டறை 'தெ போர்சலைன் ஃப்ளெஸ்'. சீனத்திலிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த நீல வெள்ளைப் பீங்கான், அங்கே மிங் அரசு சரிந்த காலத்தில் வருவது குறைந்தது. அந்த இடைவெளியில் வளர்ந்த பட்டறைகள் பல. அவற்றில் 19ஆம் நூற்றாண்டைக் கடந்து நின்றது இது ஒன்றுதான். 1876இல் யோஸ்ட் தோஃப்ட் என்பவர் இதை வாங்கிப் புத்துயிர் கொடுத்தார். அதன்பின் வந்த பொருள்களின் அடியில் ஒரு குப்பி, அதன் கீழே அவருடைய பெயரின் முதலெழுத்துகள் பின்னிய குறி, கையால் எழுதிய 'டெல்ஃப்ட்' என்ற சொல், தீட்டியவரின் குறியெழுத்து, ஆண்டைக் குறிக்கும் எழுத்து எல்லாம் இருக்கும். ஆண்டெழுத்து 1879இல் தொடங்குகிறது. ஆகவே அடிப்பக்கத்தைப் பார்த்தால் எந்த ஆண்டில் செய்தது என்றே சொல்லிவிடலாம். வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஏமாற்றுகிறவருக்கும் அது தெரியும்.

நான் வாங்கிய பெட்டியின் விளம்பரத்தில் அடிப்பக்கப் படம் மங்கலாக இருந்தது. தெளிவாக ஒன்று அனுப்பச் சொன்னேன். அன்றே அனுப்பினார். குப்பி, பின்னிய எழுத்து, ஆண்டெழுத்து, தீட்டியவரின் குறி எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒட்டு, விரிசல், மறுபூச்சு ஏதாவது உண்டா என்று தனியாகக் கேட்டேன். "இல்லை, பாட்டி வீட்டு அலமாரியிலேயே இருந்தது" என்று பதில் வந்தது. நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றதற்கு, ஊரில் இல்லை என்றார். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பினால்தான் பார்சல் போடுவேன் என்பதில் உறுதியாக இருந்தார்.

பார்சலைப் பிரித்தபோது என் மனைவி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டியின் மேற்பக்கத்தில் அதே காற்றாலை, அதே படகு, ஓரத்தில் அதே பூக்கோலம். திருப்பிப் பார்த்தால் குப்பியும் இல்லை, ஆண்டெழுத்தும் இல்லை. 'டெல்ஃப்ட் ப்ளூ, ஹேண்ட் பெயின்டட், மேட் இன் ஹாலந்து' என்று ஆங்கிலத்தில் ஒரு முத்திரை. சுற்றுலாக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பொருள்களில் காணப்படும் வகை அது. எனக்கு அனுப்பிய அடிப்பக்கப் படம் வேறு ஏதோ ஓர் அசல் பொருளுடையது.

கையால் தீட்டியதா என்று கண்டுபிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். அசலில் தூரிகை இறங்கிய இடத்தில் நீலம் கெட்டியாகவும், இழுத்துவிட்ட இடத்தில் வெளிறியும் இருக்கும். ஒரு கோடு இன்னொன்றின்மேல் ஏறிய இடம் கருத்துத் தெரியும். தீட்டும்போது கறுப்பாக இருக்கும் கோபால்ட் சாயம் சூளையில் வெந்த பிறகே நீலமாகும் என்பதால், தீட்டுகிறவர் அந்த அடர்த்தியைக் கைப்பழக்கத்தால்தான் கணிக்கிறார். எனக்கு வந்த பெட்டியின் காற்றாலை நிழல் லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது, செய்தித்தாள் படத்தில் தெரிவதுபோல. அச்சிட்ட படத்தை ஒட்டிச் சுட்டிருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றி ஓடும் ஒரே ஒரு கோடு மட்டும் கையால் போட்டது. அந்தக் கோட்டை வைத்துத்தான் 'ஹேண்ட் பெயின்டட்' என்று முத்திரை குத்துகிறார்கள்.

மூடியின் ஒரு மூலை மட்டும் விரலுக்கு வழவழப்பாக, சற்று மஞ்சளித்து இருந்தது. தி ஹேக் நகரில் பீங்கான் பழுதுபார்க்கும் ஒரு பெண்மணியிடம் கொண்டுபோனேன். புற ஊதா விளக்கின் கீழ் வைத்ததும் அந்த மூலை மட்டும் தனியாக ஒளிர்ந்தது. பிறகு பஞ்சில் அசிட்டோன் நனைத்து அந்த இடத்தை மெல்லத் துடைத்தார். பஞ்சு நீலமாக வந்தது. கண்ணாடி போன்ற மேல்மெருகுக்கு அடியில் சூளையில் வெந்த நிறம் எதைப் போட்டுத் துடைத்தாலும் வராது. நீலம் போன இடத்தில் பசையின் கோடும், உடைந்து ஒட்டிய முக்கோணச் சில்லும் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிறு எரிந்தது. உடைந்த பொருளை உடைந்தது என்று சொல்லி விற்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இங்கே நேராகக் கேட்டும் பொய் சொன்னார்கள்.

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "நீங்களே பெட்டியை மாற்றிவிட்டு என்மேல் பழி போடுகிறீர்கள்" என்று பதில் வந்தது. பார்சல் பிரித்த வீடியோவை அனுப்பியதும் என் எண்ணை முடக்கிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். தனிநபரிடம் வாங்கினால் அந்த உரிமை இல்லை. அதனால்தான் அந்தப் பாட்டி கதை. ஆனால் இணையத்தில் அவருடைய விற்பனைக் கணக்கில் தட்டு, ஜாடி, ஓடு என்று எப்போதும் டஜன் கணக்கில் விற்பனைக்கு இருக்கின்றன. தொடர்ந்து இலாபத்துக்கு விற்பவர் தன்னைத் தனிநபர் என்று சொல்லிக்கொண்டால் மட்டும் தனிநபர் ஆகிவிட முடியாது. இதை எழுதிப் பதிவுத் தபால் அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. வங்கியிலிருந்து நேரடியாகப் போன பணத்தைத் திரும்ப எடுத்துத் தர வங்கியால் முடியவில்லை. காவல்துறையில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்து, பெட்டியைக் கவிழ்த்து, இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாளும் அதே படத்தில் இருக்கட்டும். முத்திரை மட்டும் தெரியும் நெருக்கப் படம் எதற்கும் சாட்சி ஆகாது. நூறு யூரோவுக்கு மேல் என்றால் நேரில் போங்கள், அல்லது தகராறு எழுப்ப வழியுள்ள கட்டண முறையில் மட்டும் கொடுங்கள். இரண்டுக்கும் மறுப்பவரிடம் பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எனக்கு அனுப்பிய அந்த அடிப்பக்கப் படம், போன வாரம் வேறொரு பெயரில் ஒரு பூஜாடி விளம்பரத்தில் வந்திருக்கிறது. குப்பிக்கு வலப்பக்கம், அரிசி அளவில் ஒரு பழுப்புப் புள்ளி இருக்கும். பின்னணியில் பச்சைக் கட்டம் போட்ட மேசைத்துணி. அந்தப் படத்தைக் கண்டால் பணம் அனுப்பாதீர்கள். விளம்பரத்தைச் சேமித்துக்கொண்டு எனக்குத் தெரிவியுங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.